ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பணம்: செரோக்கி குடும்பங்களில் நடந்தது என்ன?

ஏழைக் குடும்பத்தின் கையில் நேரடியாகப் பணத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டால், ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். குடித்துத் தீர்ப்பார்கள், வேலைக்குப் போகமாட்டார்கள் என்று ஒரு பக்கம். வறுமையே ஒழிந்துவிடும் என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் சத்தமாகப் பேசுகிற அளவுக்கு, ஒரே குடும்பங்களைப் பல ஆண்டுகள் கூடவே இருந்து கவனித்த ஆய்வுகள் அதிகம் இல்லை. அப்படிக் கவனித்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமானதாகப் படுவது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கிழக்குச் செரோக்கி பழங்குடிக் குடும்பங்களில் நடந்தது. அந்தக் கதையின் சிறப்பே, அது பணத்தைப் பற்றிய ஆய்வாகத் தொடங்கவில்லை என்பதுதான்.

1993-இல் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேன் காஸ்டெல்லோவும் ஏட்ரியன் ஆங்கோல்டும் தொடங்கியது ஒரு மனநல ஆய்வு. கிராமப்புறப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது, அவர்களில் எத்தனை பேருக்கு உதவி கிடைக்கிறது என்பது கேள்வி. ஸ்மோக்கி மலைத்தொடரை ஒட்டிய 11 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) 9, 11, 13 வயதில் இருந்த 1420 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கினர் செரோக்கிகள், மற்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள்.

ஆண்டுதோறும் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியே உட்கார்ந்து பேசினார்கள். கடந்த மூன்று மாதத்தில் பொய் சொன்னது உண்டா, எதையாவது எடுத்தது உண்டா, சண்டை, பெரியவர்களிடம் எதிர்த்து நின்றது, தூக்கம் வராதது, காரணமில்லாத பயம், அழுகை, எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று விவரமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வீட்டு வருமானம், பெற்றோரின் வேலை, பிள்ளை எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்பது பெற்றோருக்குத் தெரியுமா என்பதும் அந்தக் கேள்விகளில் இருந்தன. இந்தக் கடைசிக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரும் வேலையும்

1838-இல் அமெரிக்க அரசு செரோக்கி மக்களைத் தென்கிழக்கு நிலங்களிலிருந்து துரத்தி, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே நடத்திச் சென்றது. அந்தப் பயணத்தில் சுமார் 4000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். மலைக்குள் ஒளிந்தும், வேறு வழிகளிலும் அங்கேயே தங்கிவிட்ட சிலரின் வழிவந்தவர்கள்தான் கிழக்குச் செரோக்கிகள். குவாலா பவுண்டரி என்று அழைக்கப்படும் அவர்களுடைய நிலம் சுமார் 57,000 ஏக்கர். அமெரிக்காவிலேயே அதிகப் பேர் வந்து போகும் தேசியப் பூங்கா அதன் வாசலில் இருக்கிறது.

பூங்கா இருந்தும் வறுமை இருந்தது. காரணம் எளிது. சுற்றுலா என்பது பருவத்து வேலை. வசந்தம் தொடங்கி, இலை நிறம் மாறும் அக்டோபர் வரை விடுதி, உணவகம், கைவினைக் கடை எல்லாம் திறந்திருக்கும். அதன் பிறகு மலை குளிரில் மூடிக்கொள்ளும், வேலையும் போய்விடும். கோடையில் சம்பாதித்ததைக் குளிர்காலம் முழுக்க இழுத்துப் பிடிக்க வேண்டும். வருமானம் குறைவு என்பது ஒரு கஷ்டம் என்றால், எந்த மாதம் வரும், எந்த மாதம் வராது என்பதே தெரியாமல் வாழ்வது அதைவிடப் பெரிய கஷ்டம். ஏழைக் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது கஷ்டத்தை நாம் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை.

பணம் வந்த விதம்

பழங்குடி நிலங்களில் சூதாட்டத் தொழிலை ஒழுங்குபடுத்த 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கிழக்குச் செரோக்கிகள் அந்த வழியில் போய், மாநில அரசோடு ஒப்பந்தம் செய்து, காசினோ தொடங்கினார்கள். லாபத்தில் பாதி பழங்குடி அரசின் பள்ளி, மருத்துவம், சாலை போன்ற செலவுகளுக்கு. மீதிப் பாதி உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சமமாக. ஆண், பெண், குழந்தை என்ற வித்தியாசம் இல்லை. பணக்காரர், ஏழை என்ற வித்தியாசமும் இல்லை. ஜூனில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை. அங்கே இதற்கு 'பெர் கேப்' என்று பெயர்.

பெரியவர்களுக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. வேலை தேடினாயா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாயா, எதற்குச் செலவு செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. வருமான வரி மட்டும் உண்டு. பிள்ளைகளின் பங்கு ஒரு அறக்கட்டளை நிதியில் சேரும். ஆய்வு நடந்த காலத்தில், உயர்நிலைப் பள்ளியை முடித்தால் 18 வயதில் எடுத்துக்கொள்ள முடிந்தது, முடிக்காவிட்டால் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த ஒரு இடத்தில்தான் நிபந்தனை.

முதல் ஆண்டுகளில் தொகை சிறியது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஏறி, 2001 வாக்கில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 6000 டாலரை எட்டியது. ஆய்வுக் காலத்தின் சராசரியாக ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட எண் பெரியவர் ஒருவருக்கு 4000 டாலர். மாதக் கணக்கில் பார்த்தால் 333 டாலர். அமெரிக்காவில் இந்தப் பணத்தை வைத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டு உட்கார முடியாது. ஆனால் குளிர்கால மின்கட்டணத்தைக் கட்டலாம், நின்றுபோன வண்டியைச் சரிசெய்யலாம், வாடகை பாக்கியைத் தீர்க்கலாம்.

காஸ்டெல்லோ குழுவுக்கு இது எதிர்பாராமல் கிடைத்த வாய்ப்பு. நான்கு ஆண்டுகளாகப் பிள்ளைகளை அளந்துகொண்டிருந்தவர்களுக்கு, நடுவழியில் கால்வாசிக் குடும்பங்களுக்கு மட்டும் பணம் வரத் தொடங்கியது. பக்கத்து ஊர்களில் உள்ள வெள்ளையர் குடும்பங்களுக்கு வரவில்லை. அதே பள்ளிகள், அதே மலை, அதே பொருளாதாரம். எந்த ஆய்வாளரும் தன் கையால் இப்படி ஒரு சோதனையை அமைத்திருக்க முடியாது.

பிள்ளைகளிடம் தெரிந்த மாற்றம்

முதல் முடிவுகள் 2003 அக்டோபரில் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வந்தன. பணம் வந்ததால் வறுமைக் கோட்டைத் தாண்டி மேலே வந்த குடும்பங்கள் 14 சதவீதம். பணம் வந்தும் கோட்டுக்குக் கீழேயே இருந்தவை 53 சதவீதம். முன்பும் ஏழையாக இல்லாதவை 32 சதவீதம்.

பணம் வருவதற்கு முன்பு, ஏழைப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நான்குக்கும் மேற்பட்ட மனநல அறிகுறிகள் இருந்தன. பிற்பாடு மேலே வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 4.28, ஏழையாகவே தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 4.38. ஏழையாக இல்லாத பிள்ளைகளுக்கு 2.75. அதாவது மேலே வரப்போகிறவர்களும் தங்கிவிடப்போகிறவர்களும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். பணம் வந்த பின்பு முதல் குழுவின் எண்ணிக்கை இறங்கி, என்றுமே ஏழையாக இல்லாத பிள்ளைகளின் அளவுக்கு வந்து நின்றது. இரண்டாவது குழு இருந்த இடத்திலேயே இருந்தது.

எந்த அறிகுறிகள் குறைந்தன என்பது இன்னும் முக்கியம். சண்டை, திருட்டு, பொய், எதிர்ப்பு போன்ற நடத்தைச் சிக்கல்கள்தான் குறைந்தன. மனப்பதற்றமும் மனச்சோர்வும் அப்போது அசையவில்லை. பணம் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சரிசெய்யும் மருந்தாக இருந்திருந்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். ஒரு வகை மட்டும் குறைந்தது என்றால், வீட்டுக்குள் ஏதோ ஒரு குறிப்பிட்ட விஷயம் மாறியிருக்கிறது என்று பொருள்.

இன்னொரு தகவலையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதே காலத்தில் காசினோவுக்குச் சம்பந்தமே இல்லாமல், வேறு காரணங்களால் வறுமையிலிருந்து வெளியே வந்த வெள்ளையர் குடும்பங்களும் சில இருந்தன. அந்தப் பிள்ளைகளிடமும் இதே மாதிரி முடிவுதான் கிடைத்தது. ஏழைப் பிள்ளைகளின் 'கெட்ட நடத்தை'க்கு அவர்களுடைய இனத்தையும் வளர்ப்பையும் காரணம் காட்டுகிறவர்கள் இந்த ஒரு வரியையாவது படிக்க வேண்டும்.

வீட்டுக்குள் எது மாறியது?

பெற்றோர் மனநலம், குடும்பச் சண்டை, பிள்ளை வளர்ப்பு முறை என்று சாத்தியமான பல காரணங்களை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். தேறி நின்றது பெற்றோரின் கண்காணிப்பு. பிள்ளை எங்கே, யாரோடு, எப்போது வருவான் என்று பெற்றோருக்குத் தெரிந்திருப்பது. மாற்றத்தின் சுமார் 77 சதவீதத்தை இந்த ஒன்றே விளக்கியது.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கண்காணிப்பு என்றால் கண்டிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறார், அம்மாவுக்கு மாலை நேர வேலை. பள்ளி விட்டு வரும் பையன் இருட்டும்வரை தனியாக இருக்கிறான். அம்மா வீட்டுக்கு வரும்போது அவருடைய தலைக்குள் மறுநாள் கட்ட வேண்டிய தவணை ஓடிக்கொண்டிருக்கிறது. பையன் ஏதோ சொல்கிறான், காதில் விழவில்லை. அவனுடைய புது நண்பன் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை இல்லாமல் இல்லை, நேரமும் மனசும் இல்லை. இந்த வீட்டுக்கு ஆண்டுக்கு 4000 டாலர் வருகிறது. இரண்டாவது வேலையின் சில மணி நேரத்தை விட முடிகிறது, அல்லது விடாமலேயே அந்தத் தவணையைப் பற்றிய கவலை மட்டும் போகிறது. மாலையில் பையன் சொல்வது காதில் விழுகிறது. அவ்வளவுதான் நடந்திருக்கும். பதினான்கு வயதுப் பையனுக்கு அந்த 'அவ்வளவுதான்' பெரிய விஷயம்.

நேரடிப் பண உதவி பற்றிப் பேசும்போது, அந்தப் பணத்தில் என்ன வாங்கினார்கள் என்ற கேள்வியே முதலில் வருகிறது. அரிசி வாங்கினார்களா, சாராயம் வாங்கினார்களா என்று பட்டியல் போடுகிறோம். செரோக்கி குடும்பங்களில் மிகப் பெரிய மாற்றம் எந்த ரசீதிலும் வராத ஒன்றில் நடந்திருக்கிறது. பெற்றோர் மனசு வைத்துப் பிள்ளையைப் பார்க்க முடிந்தது. செலவுக் கணக்கை மட்டும் பார்த்து இந்தத் திட்டங்களை எடை போட முடியாது என்று நான் உறுதியாக நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

பிற்பாடு 2018-இல் ராண்டால் அகீ, எமிலியா சிமியோனோவா, காஸ்டெல்லோ முதலியோர் சேர்ந்து எழுதிய ஆய்வு இதை இன்னும் விரித்தது. பணம் பெற்ற வீடுகளில் பிள்ளைகளிடம் பொறுப்புணர்வும், மற்றவர்களோடு ஒத்துப்போகும் குணமும் கூடியிருந்தன. நடத்தைச் சிக்கல்களோடு உணர்வுச் சிக்கல்களும் குறைந்திருந்தன. தொடக்கத்தில் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளிடம்தான் இந்த மாற்றம் அதிகம். பெற்றோர் இருவருக்கும் இடையிலான உறவும், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவும் மேம்பட்டிருந்தன. குடித்துத் தீர்ப்பார்கள் என்கிறார்களே, அதற்கு நேர்மாறாகப் பெற்றோரின் குடி குறைந்திருந்தது.

வேலையை விட்டார்களா?

இது நியாயமான கேள்வி. பதில், இல்லை. பணம் வந்ததால் பெற்றோர் வேலை பார்ப்பது குறைந்ததாகத் தரவுகளில் தெரியவில்லை என்று 2010-இல் அகீயும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள்.

சரி, காசினோ திறந்தது என்றால் வேலையும் வந்திருக்குமே, பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பணம் போயிருக்குமே, பெர் கேப் தொகையால்தான் மாற்றம் என்று எப்படிச் சொல்வது? இது முந்தையதைவிடக் கூர்மையான கேள்வி. இதற்கு அகீ குழு கையாண்ட வழியை விவரமாகச் சொல்வது நல்லது, ஆய்வின் உயிரே அதில்தான் இருக்கிறது.

செரோக்கி உறுப்பினராகப் பதிவு பெற, 1924-இல் எடுத்த பேக்கர் பதிவேட்டில் முன்னோர் பெயர் இருக்க வேண்டும், செரோக்கி வம்சாவளி குறைந்தது பதினாறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அதனால் ஒரே ஊரில், ஒரே தெருவில், பெற்றோர் இருவரும் உறுப்பினராக இருக்கும் வீடும் உண்டு, ஒருவர் மட்டும் உறுப்பினராக இருக்கும் வீடும் உண்டு. முதல் வீட்டுக்கு ஆண்டுக்கு 8000, இரண்டாவது வீட்டுக்கு 4000. காசினோ வேலையும் புதுப் பள்ளியும் இரண்டு வீட்டுக்கும் பொது. பண அளவு மட்டும் வேறு. அந்த வித்தியாசம் யாருடைய உழைப்பாலும் சோம்பலாலும் வந்ததல்ல, பாட்டன் பூட்டனின் பதிவேட்டால் வந்தது.

அப்புறம் வயது. 1993-இல் 9, 11, 13 வயதில் இருந்த பிள்ளைகள், பணம் வரத் தொடங்கியபோது சுமார் 12, 14, 16 வயதில் இருந்தார்கள். இளையவர்களுக்கு வீட்டில் பணத்தோடு கழிந்த ஆண்டுகள் அதிகம், மூத்தவர்களுக்குக் குறைவு. பணம்தான் காரணம் என்றால் இளையவர்களிடம் மாற்றம் அதிகம் தெரிய வேண்டும். தெரிந்தது.

வளர்ந்த பிறகு

மிக ஏழையான வீடுகளில் ஆண்டுக்குக் கூடுதலாக 4000 டாலர் வந்தபோது, பிள்ளைகள் 21 வயதுக்குள் ஓர் ஆண்டு அதிகமாகப் படித்திருந்தார்கள். 16, 17 வயதில் சிறு குற்றங்களில் சிக்குவது 22 சதவீதம் குறைந்திருந்தது. ஓர் ஆண்டு படிப்பு என்பது சிறியதாகத் தோன்றலாம். பள்ளியைப் பாதியில் விடுவதற்கும் முடிப்பதற்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் அந்த ஓர் ஆண்டுதான்.

பிள்ளைகளுக்கு 19, 21 வயதானபோது மறுபடியும் அளந்தார்கள். 12 வயதிலிருந்து பணத்தோடு வளர்ந்த செரோக்கி இளைஞர்களில் 31.4 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. 14 வயதில் தொடங்கியவர்களில் 41.7, 16 வயதில் தொடங்கியவர்களில் 41.3. குறிப்பாக மது, கஞ்சா தொடர்பான சிக்கல்களில் இளைய குழு தெளிவாகத் தப்பித்திருந்தது. இரண்டே ஆண்டு முன்னதாக வந்ததற்கு இவ்வளவு வித்தியாசம். 14-க்கும் 16-க்கும் இடையில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை என்பதையும் கவனியுங்கள். பையன் வீட்டைவிட்டு வெளியே நண்பர்களோடு சுற்றத் தொடங்குவதற்கு முன்பே பணம் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் சொல்லலாம். இது என் வாசிப்பு, ஆனால் கண்காணிப்பு பற்றிய கண்டுபிடிப்போடு நன்றாகப் பொருந்துகிறது.

ஏழை வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களான பின் அதிகமாக வாக்களிக்கப் போனார்கள் என்றும் ஒரு பிந்தைய ஆய்வு காட்டியது. அதே பணத்தைப் பெற்ற பெற்றோரின் வாக்களிக்கும் பழக்கம் மாறவில்லை. வளர்ந்துகொண்டிருந்தவர்களிடம்தான் ஏதோ ஆழமாக மாறியிருக்கிறது.

சரியாக வராதவை

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நிகழ்வு ஆய்வு ஆகாது.

முதலில், மரணங்கள். 1990 முதல் 2006 வரையிலான பதிவுகளைப் பார்த்தபோது, பெரிய தொகை பட்டுவாடா ஆன மாதங்களில் செரோக்கிகளிடையே விபத்து மரணங்கள் கூடியிருந்தன. ஆறு மாதம் இழுத்துப் பிடித்துவிட்டு ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் கைக்கு வந்தால், வண்டி ஓட்டம் கூடும், கொண்டாட்டம் கூடும், குடியும் கூடும். ஆண்டு முழுக்கப் பார்த்தால் குடி குறைந்தது, அந்தச் சில வாரங்களில் ஆபத்து கூடியது. இரண்டும் உண்மை. இந்த இழப்புக்குப் பணம் காரணமா, அதைக் கொடுத்த கால இடைவெளி காரணமா என்று என்னைக் கேட்டால், பெரும்பங்கு இடைவெளிதான் என்பேன். கென்யாவில் யோஹான்னஸ் ஹௌஸ்ஹோஃபரும் ஜெரமி ஷபீரோவும் செய்த ஆய்விலும், மாதாமாதம் கொடுத்த வீடுகளில் சாப்பாட்டு நிலை மேம்பட்டது, மொத்தமாகக் கொடுத்த வீடுகளில் நீடித்து உழைக்கும் பொருள்களுக்குப் பணம் போனது என்று தெரிந்தது. ஒரே தொகை, எப்படிப் பிரித்துக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு வேறு வேலை செய்கிறது. கூரை மாற்ற நினைக்கும் வீட்டுக்கு மொத்தத் தொகை நல்லது. தினசரிக் கவலையைக் குறைக்க மாதத் தொகைதான் நல்லது.

அடுத்தது, உடல் எடை. தொடக்கத்தில் மிக ஏழையாக இருந்த வீட்டுப் பிள்ளைகள் இளைஞர்களானபோது அவர்களின் எடை கூடியிருந்தது. கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் இப்படி ஆகவில்லை. கையில் காசு வந்தாலும் அருகில் கிடைப்பது மலிவான, கொழுப்பு மிகுந்த உணவு என்றால் அதைத்தான் வாங்க முடியும். பணம் தேர்வைக் கொடுக்கும், ஆனால் கடையில் இல்லாத பொருளைக் கொண்டுவராது.

மூன்றாவது, 18 வயது நிதி. பள்ளியை முடிக்க அது தூண்டுகோலாக இருந்திருக்கலாம். ஆனால் ஆண்டுகள் போகப் போக அந்தத் தொகை மிகப் பெரிதானது. பதினெட்டு வயதில் ஒருவரின் கையில் மொத்தமாக அவ்வளவு பணத்தைக் கொடுப்பது சரியா என்று அந்தச் சமூகத்துக்குள்ளேயே விவாதம் நடந்தது. பணம் பெறுமுன் பண நிர்வாகப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று விதி வந்தது. பின்னர் தொகையையும் வயது வாரியாகப் பிரித்துக் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். திட்டத்தை நடத்துபவர்களே அதைப் பெறுபவர்களாகவும் இருந்ததால், பிழை தெரிந்ததும் திருத்த முடிந்தது.

பணம் எங்கிருந்து வந்தது என்ற உறுத்தலும் எனக்கு உண்டு. காசினோவின் லாபம் என்பது வேறு யாரோ தோற்ற பணம். தோற்றவர்களின் வீட்டுப் பிள்ளைகளை எந்த ஆய்வும் எட்டு ஆண்டுகள் பின்தொடரவில்லை. இதே உதவியைச் சூதாட்டம் இல்லாமல் வரிப் பணத்திலிருந்து கொடுக்க முடியும் என்பதால் இந்த உறுத்தல் முடிவுகளைப் பொய்யாக்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விடக்கூடாது.

அதே 4000 டாலர், வேறு முடிவு

செரோக்கி ஆய்வை மட்டும் படித்துவிட்டு, ஆண்டுக்கு 4000 டாலர் கொடுத்தால் பிள்ளைகள் தேறிவிடுவார்கள் என்று எழுதுவது எளிது. அதற்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. 2018-இல் தொடங்கி, நியூயார்க், நியூ ஆர்லியன்ஸ், ஒமாஹா, மினியாபொலிஸ்–செயின்ட் பால் ஆகிய இடங்களில் குழந்தை பெற்ற 1000 ஏழைத் தாய்மார்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையில் சிலருக்கு மாதம் 333 டாலர், மற்றவர்களுக்கு மாதம் 20 டாலர். ஆண்டுக் கணக்கில் அதே 4000. குழந்தைகள் நான்கு வயதானபோது மொழி, சிந்தனைத் திறன், நடத்தை எதிலும் இரண்டு குழுக்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இதை மறைக்கக் கூடாது, அதே சமயம் இதோடு கதை முடிந்துவிட்டது என்றும் நினைக்கக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில வித்தியாசங்கள் கண்ணில் படுகின்றன. நகரத் தாய்மார்களின் பணம் ஒரு வீட்டுக்கு 333 டாலர், அதுவும் இருபது ஆண்டு விலைவாசி ஏற்றத்துக்குப் பின். செரோக்கிகளிடம் அது பெரியவர் ஒருவருக்கான தொகை. நகரத்தில் நடந்தது முடிவு தேதி உள்ள ஓர் ஆய்வு, நடுவில் கொரோனாவும் வந்தது. செரோக்கிகளுக்கு அது சொந்த உரிமை, வாழ்நாள் முழுக்க வரும், பிள்ளைக்கும் வரும். நகரத்தில் பணம் பெற்ற தாய், பெறாதவர்களின் நடுவே தனியாக இருந்தார். செரோக்கி பையனுக்கு அவன் வீட்டில் மட்டுமல்ல, நண்பன் வீட்டிலும் அதே மாற்றம். அளந்த வயதும் வேறு. செரோக்கி ஆய்வில் பலன் தெரிந்தது வளரிளம் பருவத்தில், நடத்தையில். நான்கு வயதுக் குழந்தையின் சொல்வளத்தில் அதைத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

இவற்றில் எது உண்மையான காரணம் என்று இந்த இரண்டு ஆய்வுகளை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஒரு திட்டத்தை வடிவமைக்கிறவர் இந்த இடத்திலிருந்து தொடங்கலாம். என் கருத்தில், எல்லாவற்றையும்விட எடை அதிகம் உள்ளது நிச்சயம். அடுத்த டிசம்பரிலும் வரும், அதற்கடுத்த டிசம்பரிலும் வரும் என்று தெரிந்த பணத்தை நம்பி ஒரு அம்மா தன் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். எப்போது நிற்கும் என்று தெரியாத பணத்தை நம்பி அப்படிச் செய்ய முடியாது. அதை அவசரத்துக்கு எடுத்து வைப்பார், அல்லது அன்றைய கடனுக்குக் கொடுப்பார். அதுவும் உதவிதான். ஆனால் கவலை அப்படியே இருக்கும்.

அளவும் முக்கியம். பணம் வந்தும் வறுமைக் கோட்டுக்குக் கீழேயே தங்கிய 53 சதவீதக் குடும்பங்களை மறந்துவிடக் கூடாது. 2000 வரையிலான அந்த முதல் நான்கு ஆண்டுகளில் அவர்களுடைய பிள்ளைகளிடம் அறிகுறிகள் குறையவே இல்லை. அவர்களுக்கும் அதே பெர் கேப்தான் வந்தது, அதே ஜூன், அதே டிசம்பர். தொடக்கத்தில் இருந்த பள்ளம் அவ்வளவு ஆழம், ஆரம்ப ஆண்டுகளின் தொகை அவ்வளவு சிறியது. தொகை ஏறிய பிறகு, நீண்ட காலக் கணக்கில்தான் மிக ஏழை வீடுகளின் பிள்ளைகளிடம் படிப்பிலும் குற்றத்திலும் மாற்றம் தெரிந்தது. ஓர் உதவித் திட்டத்தை இரண்டு மூன்று ஆண்டில் அளந்துபார்த்து 'பலன் இல்லை' என்று மூடிவிடும் அரசுகள், அந்த 53 சதவீத வீடுகளை முதலில் கைவிடுகின்றன.